அந்த ஊரில் ஆகாத மாத்திரை

என் மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. எதைக் கண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மத்தியானம் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப் போயின. இதோ, இப்போதே சாகப் போகிறேன் என்று தோன்றியது. மீனை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பேராவூரணிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. என் உம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மறுபடி வருமோ என்ற நினைப்பு போகவில்லை. அந்த நினைப்பே மறுபடி வரவைத்தது.

என் அத்தா அதற்கு முன்பே மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். வீட்டில் உம்மாவும் நானும் பிள்ளையும்தான். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கடையில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் மகன் என்பதால் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி லீவு முடிந்து போனவர் பிள்ளையை போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

பட்டுக்கோட்டையில் ஈசிஜி எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிற இருதயம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரிடம் போனோம். ஊரில் கேட்டவர்களிடம் உம்மா "நரம்பு டாக்டர்" என்றுதான் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதைப் போட்ட அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு தஞ்சாவூருக்கு இரண்டொரு தடவை போயிருப்போம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போவது பெரிய பாடு. பேராவூரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே அந்த மாத்திரை கிடைத்தது. சோப்பும் வெந்தயமும் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் அதையும் வாங்கி வருவாள் உம்மா. கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே எடுத்துவைப்பார். புருஷன் வெளிநாட்டுக்குச் சபர் போயிருக்கிற பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களில் பலர் அந்த மாத்திரைதான் போட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மகள் நடக்க ஆரம்பித்தாள், பேச ஆரம்பித்தாள். நான் மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஒருமுறை கும்பகோணத்தில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தோம். மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அங்கே கடைத்தெருவில் கேட்டபோது, கண்ணாடி போட்ட கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். இதெல்லாம் சும்மா கொடுக்கிற மாத்திரை இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு முழுக்கக் கை நடுங்கியது. பந்தியில் பிரியாணியை அளைந்துவிட்டு எழுந்தேன். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரே மாத்திரை எப்படி வேறு மாத்திரையாக மாறுகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஊருக்கு வந்து ஒன்றைப் போட்டுக்கொண்டதும் அந்தக் கேள்வி மறந்துபோயிற்று.

அத்தனை வருஷமும் லீவு கிடைக்காமலே இருந்த மச்சானுக்குப் பிறகு சம்பளம் கூடியது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். விசா எடுத்து அனுப்பினார். ஊரே வந்து சந்தோஷம் விசாரித்துப் போனது. லீவில் வந்திருந்த சபுராளி ஒருவரும் வந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உம்மா டீ கொடுத்தாள். நான் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னென்ன கொண்டு போகலாம், எதைக் கொண்டு போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் சொன்னார்:

"ஊறுகாய், கருவாடு எது வேணும்னாலும் கொண்டு போகட்டும் மாமி. மாத்திரை மட்டும் வேணாம்னு சொல்லுங்க. தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரையெல்லாம் அங்க கஞ்சா மாதிரி. யாருக்கோ குடுக்கணும்னு வாங்கிட்டு வந்த ஒருத்தனை ஏர்போர்ட்லயே அமுக்கிட்டானுங்க. இன்னும் வெளிய வரல."

நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மகளின் காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில், ரப்பர் பேண்டு போட்டு அந்த அட்டைகள் இருந்தன. காலையில் தண்ணீரோடு விழுங்கிய அதே மாத்திரைதான். அதைத் தொடவே எனக்குக் கை வரவில்லை.

மறுநாளே தஞ்சாவூருக்குப் போனோம். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பழைய சீட்டைக் காட்டினேன். அதைப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு மாசத்துக்குத்தானேம்மா எழுதியிருக்கேன். இத்தனை வருஷம் யாரைக் கேட்டுச் சாப்பிட்டீங்க?"

கடையில் கொடுத்தார்கள், சாப்பிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, வலிப்புகூட வரலாம், மாதக்கணக்கில் துளித்துளியாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். பயணத்துக்கு அவ்வளவு நாள் இல்லை என்றேன். அந்த நாட்டுச் சட்டம் தனக்குச் சரியாகத் தெரியாது, கடிதம் எழுதித் தருகிறேன், உங்கள் வீட்டுக்காரரை அங்கே விசாரித்து அனுமதி வாங்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு எடுத்துப் போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூளைக்கோளாறுன்னு எழுதி வாங்கி, அதைக் கொண்டுபோய் நீயே போலீஸ்கிட்ட நீட்டுவியா? மாப்பிள்ளை கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

எனக்கும் அதே பயம்தான். பிள்ளை பிறந்த சமயத்தில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது மச்சானுக்குத் தெரியும். அது எப்போதோ சரியாகிவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். ஐஎஸ்டி பூத்தில் வெளியே வரிசை நிற்க, உள்ளே நின்று இதையெல்லாம் சொல்ல முடியாது. கடிதம் வாங்காமலே ஊருக்குத் திரும்பினோம். நானாகவே மாத்திரையைப் பாதியாக்கினேன், காலாக்கினேன், பயணத்துக்கு முன்னால் விட்டுவிட்டேன். தோப்பில் தேங்காய் விழுகிற சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. பயணக் களைப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். பயணம் இன்னும் தொடங்கவே இல்லை.

திருச்சியில் விமானம் ஏறினோம். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள் என்று அறிவிப்பு வந்த நேரத்தில் அவளுக்குப் பசித்தது. கைப்பையில் பிஸ்கட் எடுக்கக் கையை விட்டேன். பாக்கெட்டுக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு தட்டுப்பட்டது. உம்மாவின் கைக்குட்டை. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு அட்டை மாத்திரை, முழுசாக.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். வேறெதுவும் யோசித்திருக்க மாட்டாள். விரல்களை மூடிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. எழுந்து போகவும் முடியாது. விமானம் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. மகள் பிஸ்கட் கேட்டு அழுதாள்.

இறங்கியதும் மகளை இழுத்துக்கொண்டு கழிவறையைத் தேடினேன். கதவைத் தாழிட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தண்ணீரில் போட்டேன். கை தவறி ஒன்று தரையில் உருண்டது. மகள் அதை எடுத்து என்னிடம் நீட்டி, "இது உன்னோட மருந்துதானே, உம்மா?" என்று சத்தமாகக் கேட்டாள். அவள் வாயைப் பொத்தினேன். அதுவரை நான் அவளை அப்படிப் பிடித்ததே இல்லை. அவள் கண் விரிந்து போயிற்று. அதையும் வாங்கிப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். எல்லாம் போயின, ஒன்று மட்டும் போகாமல் மிதந்து சுற்றியது. தொட்டி மறுபடி நிரம்பும்வரை நின்று அதையும் போகவிட்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். காலி அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடைக்கு அடியில் திணித்துவிட்டு வெளியே வந்தேன். சீருடை போட்ட துப்புரவுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மகளைப் பார்த்துத்தான் சிரித்திருப்பாள்.

அதோடு முடியவில்லை. உம்மா கைப்பையில் ஒன்று வைத்திருந்தால் பெட்டியில் எத்தனை வைத்திருப்பாள்? மசாலாப் பொடி டப்பா, ஊறுகாய் பாட்டில், மடித்த துணிகள் எல்லாம் அவள்தான் அடுக்கியிருந்தாள். பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. ஒரு அதிகாரி விரலால் சைகை காட்டி அதைத் திறக்கச் சொன்னார். சாவி துவாரத்தில் சாவி போக மறுத்தது. அவரே வாங்கித் திறந்தார். மசாலா டப்பாவை மூடி கழற்றி முகர்ந்தார். ஒரு பேனாவை உள்ளே விட்டுக் கிளறினார். அந்தப் பேனா டப்பாவுக்குள் சுற்றியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மகளுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும், என்னைக் கொண்டுபோய்விட்டால் அவளை யாரிடம் கொடுப்பார்கள் என்ற ஒரே நினைப்புதான். அடுத்து கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். முகத்தைச் சுளித்து, மூடு மூடு என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான்.

வெளியே மச்சான் நின்றிருந்தார். முதல்முறையாக மகளைத் தூக்கினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அங்கே எங்களுக்கு ஒரு அறை. அதே வீட்டில் இன்னொரு அறையில் ஒரு மலையாளிக் குடும்பம், சமையலறை பொது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மரியாதைக்கு என்னை சேச்சி என்று கூப்பிடுவார். வந்த சில நாட்களில் விசாவுக்காக என்னை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் அந்த மாத்திரை தெரிந்துவிடும் என்று எனக்குள் முடிவே ஆகிவிட்டது. லிஃப்ட் நின்று திறக்கிற சத்தம் கேட்டாலே என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று தோன்றும். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் அறவே இல்லை. மச்சான் கேட்டால், புது இடம், பழகிவிடும் என்றேன். தினமும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையைப் பார்க்கிறதா என்னைப் பார்க்கிறதா என்று தெரியாமல் வாசலில் தயங்கி நிற்பார்.

ஒரு காலையில் டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். அதுவரை நினைவிருக்கிறது. பிறகு நான் தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். நர்ஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயப்படாதே என்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. மகள் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் அழவே இல்லை.

ஊரில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து நிறுத்தினீர்களா என்று நர்ஸ் கேட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த மச்சான், இல்லை என்று என் சார்பில் பதில் சொல்லிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"மச்சான், நான் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாப்பா பொறந்ததுலேர்ந்து."

அவர் முதலில் எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் முகத்தில் நான் பார்த்தது கோபமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதிவிடுவார்கள், எழுதினால் விசா போய்விடும், கம்பெனியில் கேட்பார்கள் என்று தாழ்ந்த குரலில் அடுக்கிக்கொண்டே போனார். நான் இத்தனை நாள் தனியாக வைத்திருந்த பயம் முழுவதும் அவர் மேல் ஏறிவிட்டது. நர்ஸ் அதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்த வலிப்பு திரும்ப வரும், தூக்கத்தில் வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று மட்டும் சொன்னார். தன் டூட்டி பையை எடுத்துக்கொண்டு, கிளம்புங்கள் என்று வாசலில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சூடான் நாட்டு டாக்டரம்மா. தலையில் பெரிய துணி சுற்றியிருந்தார். அவர் கேட்பதை நர்ஸ் எனக்குச் சொன்னார், நான் சொல்வதை அவருக்குச் சொன்னார். போலீஸுக்கு எப்போது சொல்வார்கள் என்று கேட்கச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நோயாளியைப் பிடித்துக் கொடுக்கிற வேலை எனக்கில்லை என்றார். சீட்டும் அனுமதியும் இல்லாமல் கொண்டுவருவதுதான் இங்கே குற்றம். இதே மாத்திரையை நாங்களும் கொடுப்போம், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். பயத்துக்கு நாங்கள் எழுதுவது வேறு மாத்திரை, அது பிடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்று விளக்கினார். இரண்டையும் எழுதினார். புதியதை ஏற்ற வேண்டும், பழையதை ரொம்ப மெதுவாக இறக்க வேண்டும்.

மருந்து கொடுக்கிற இடத்தில் புது மாத்திரை உடனே வந்தது. பழையதற்குத் தனி ஜன்னல். உள்ளே ஒருவர் இரும்பு அலமாரியைச் சாவி போட்டுத் திறந்தார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். பேராவூரணியில் கத்தரியால் நறுக்கிக் கொடுத்த அதே மாத்திரை. கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வேன், போடாவிட்டால் செத்துப்போவேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "போடு. நான் இருக்கேன்ல," என்றார் மச்சான். போட்டேன்.

யாரும் தேடி வரவில்லை. விசா அடித்து வந்தது. வாராவாரம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். புது மாத்திரை முதலில் வயிற்றைக் குமட்டியது; பிறகு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் லிஃப்ட் சத்தம் கேட்டு, அது லிஃப்ட் சத்தம் என்று மட்டும் நினைத்தேன். பழைய மாத்திரை நிற்க அந்த வருஷம் முழுவதும் ஆயிற்று.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தோம். டாக்டரம்மா எழுதித் தந்த மாத்திரை பேராவூரணியில் கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் வேறு பெயரில் இருந்தது. பேராவூரணியில் கேட்டபோது எங்கள் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பழையதையே தரட்டுமா, உங்க உம்மாவுக்கு வழக்கமாகக் கொடுக்கிறதுதானே என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது உம்மா மறைக்கவில்லை.

"நீ போன அன்னிக்கி வீடு வெறிச்சுன்னு கெடந்துச்சு. மிச்சம் இருந்ததுல ஒண்ணை எடுத்துப் பாதி போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

பாதி ஒன்றாகி, ஒன்று இரண்டாகியிருந்தது. நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பேச்சு குழறியது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவாள். முழங்கையில் ஒரு தழும்பு. குளியலறையில் வழுக்கியது என்றாள். இந்தத் தோப்புக்குள் அவள் தனியாக விழுந்து கிடந்ததை யார் பார்த்தார்கள்? அட்டைகளையெல்லாம் எடுத்துப் புது ஆற்றுக் கால்வாயில் எறிந்துவிட வேண்டும் என்று முதலில் வேகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தரையில் கிடந்த எனக்கு, சட்டென்று நிறுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். எடுத்ததைத் திரும்ப வைத்தேன்.

தஞ்சாவூரில் பழைய டாக்டரின் இடத்தில் ஒரு சின்ன வயதுக்காரர் இருந்தார். உம்மாவிடம் நேராகக் கேட்டார், உங்களுக்கு என்னம்மா பயம் என்று. அவளிடம் அதை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளை அங்க, நான் இங்க. போன் அடிச்சா என்ன சேதியோன்னு பயம். அடிக்கலன்னா அதுவும் பயம்தான் தம்பி."

அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. மாதம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி எழுதினார். என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியை உம்மாவோடு தங்கவைத்துவிட்டு நாங்கள் திரும்பினோம். விமானம் கிளம்பியபோது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பயம் என்னைப் பற்றியது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் போன் செய்வேன். என்ன சமைத்தாய் என்று கேட்கிற சாக்கில் பேச்சு குழறுகிறதா என்று காது கொடுப்பேன். குறைத்துவிட்டேன் என்பாள். சில வாரம் அது உண்மை, சில வாரம் இல்லை, குரலிலேயே தெரியும். முழுவதும் விட அவளால் முடியவில்லை. கால் மாத்திரையில் வந்து நின்றது. இந்த வயதில் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பேச்சு தெளிந்தது, மறுபடி விழவில்லை. பல வருஷம் கழித்து, நாங்கள் நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகு, என் மடியில்தான் மவுத்தானாள். கடைசி மாதங்களில் இன்னும் போன் அடிக்கவில்லையே என்று என்னிடமே கேட்பாள். நான் இங்கேதான் இருக்கிறேன் உம்மா என்பேன். என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்பாள்.